அணைச் சுவரில் விரிசல் தெரிந்தால் அணை உடைந்துவிடுமா?

வாட்ஸ்அப்பில் சுற்றும் ஒரு படத்தை அனுப்பி நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். படத்தில் ஒரு கான்கிரீட் அணையின் வெளிப்பக்கச் சுவர். குறுக்கே ஒரு கோடு, அதற்குக் கீழே வெள்ளை வெள்ளையாக வடிந்த தடம். “இப்படி விரிசல் விழுந்தால் அணை உடைந்துவிடாதா? இவ்வளவு பெரிய கான்கிரீட் எப்படித்தான் உடைகிறது?” என்பது கேள்வி.

முதல் பாதிக்குப் பதில் ஒரு வரிதான்: விரிசலே இல்லாத கான்கிரீட் அணை கிடையாது. இரண்டாவது பாதிக்குத்தான் நீட்டி எழுத வேண்டியிருக்கிறது. ஏனென்றால் உடைந்த அணைகளின் கதையைக் கிளறினால் கான்கிரீட்டைவிட அதிகமாகத் தண்ணீர்தான் வருகிறது. அதுவும் அணைக்கு முன்னால் நிற்கிற தண்ணீர் இல்லை, அணைக்கு உள்ளேயும் அடியிலும் புகுந்துகொண்ட தண்ணீர்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் என்னை ஓர் அணையின் கேலரிக்குள் அனுப்பினார்கள். கேலரி என்பது அணையின் வயிற்றுக்குள் நீளவாட்டில் ஓடும் சுரங்கப்பாதை. எதிரே ஆள் வந்தால் சுவரோடு ஒட்டி நின்று வழிவிட வேண்டும். சுவரெல்லாம் ஈரம். கூரையிலிருந்து வெள்ளையாகச் சுண்ணாம்பு ஊசி ஊசியாகத் தொங்கியது. தரையோரம் பத்தடிக்கு ஒரு குழாய் வாய். ஒவ்வொன்றிலிருந்தும் தண்ணீர் சொட்டிக்கொண்டோ ஒழுகிக்கொண்டோ இருந்தது. மேலே அத்தனை டிஎம்சி தண்ணீர் நிற்கிறது என்ற நினைப்பில் எனக்குக் குலை நடுங்கிவிட்டது. கூட வந்த லஸ்கர், அதாவது அணையைக் கவனித்துக்கொள்ளும் பணியாளர், வயதானவர். டார்ச்சை ஒரு குழாய்மேல் அடித்துக் காட்டினார். “சார், இது சொட்டுற வரைக்கும் ஒண்ணுமில்ல. அந்தா பதினேழாம் நம்பர் போன மாசத்துல இருந்து காஞ்சு கெடக்கு. அதைத்தான் குத்தி விடச் சொல்லி எழுதணும்.”

ஒழுகுகிற குழாயை விட்டுவிட்டுக் காய்ந்த குழாய்க்கு ஏன் கவலைப்படுகிறார் என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. இந்தப் பதில் முழுவதும் கிட்டத்தட்ட அவர் சொன்னதற்கான விளக்கம்தான்.

சாதாரண கான்கிரீட் அணை தன் எடையால் நிற்பது. யாராவது உங்களை நெஞ்சில் கைவைத்துப் பின்னால் தள்ளினால் எடை குதிகாலுக்குப் போகிறது, முன்பாதம் தூக்கப் பார்க்கிறது, இல்லையா? அணை தண்ணீருக்கு முதுகு காட்டி நிற்கிற ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் முதுகில் தள்ளுகிறது. எடை முன்பாதத்துக்குப் போகிறது, குதிகால் தூக்கப் பார்க்கிறது. பொறியாளர்களும் அணையின் நீர்ப்பக்க அடி ஓரத்தைக் குதிகால் என்றுதான் சொல்கிறார்கள். கான்கிரீட்டை அமுக்கினால் தாங்கும், இழுத்தால் தாங்காது. இழுவிசைக்கு அதன் பலம் அமுக்கத்துக்கு இருப்பதில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான். வீட்டுக் கூரையில் கம்பி கட்டுவது அதற்காகத்தான். ஆனால் அணையின் உடம்பில் பெரும்பாலும் கம்பி கிடையாது. ஆகவே குதிகால் எப்போதும் தரையில் அழுந்தியே இருக்கும்படி பார்த்துக்கொள்வதுதான் வடிவமைப்பின் முதல் வேலை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கணக்குப் பிடிக்காதவர்கள் இரண்டு பத்தி தாண்டிப் போங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன். 100 மீட்டர் உயரம், அடியில் 80 மீட்டர் அகலம், நீர்ப்பக்கம் செங்குத்து, வெளிப்பக்கம் சரிவு. இப்படி ஒரு முக்கோண அணையில் ஒரு மீட்டர் நீளத் துண்டை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்வோம். அதில் 4,000 கன மீட்டர் கான்கிரீட். எடை 9,600 டன். தண்ணீர் உச்சிவரை நின்றால் அந்தத் துண்டைத் தள்ளும் விசை 5,000 டன். எடை, தள்ளலைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. எடையும் தள்ளலும் சேர்ந்த விசை குதிகாலிலிருந்து 44 மீட்டரில் தரையைத் தொடும். 53 மீட்டரைத் தாண்டாத வரை குதிகால் அழுந்தியே இருக்கும் என்பது விதி. பிரமாதம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பல அணைகளுக்குக் கணக்கு இதோடு முடிந்துபோனது.

இதில் விட்டுப்போனது, அடியில் கசியும் தண்ணீர். எந்தப் பாறையும் எந்தக் கான்கிரீட்டும் முழுக்க நீர் புகாதது இல்லை. குதிகாலில் 100 மீட்டர் ஆழத்துத் தண்ணீரின் அழுத்தம் சதுர மீட்டருக்கு 100 டன். அது முன்பாதம் போய்ச் சேர்வதற்குள் படிப்படியாகக் குறைந்து பூஜ்யமாகிறது என்று வைத்தாலும், அணையை அடியிலிருந்து மேலே தூக்கும் விசை 4,000 டன். இதை அப்லிஃப்ட் என்போம். 9,600 டன் அணை இப்போது தரையில் 5,600 டன் அணைபோல நிற்கிறது. விசை இறங்கும் இடம் 44-லிருந்து 56 மீட்டருக்கு ஓடிவிடுகிறது. 53-ஐத் தாண்டியாயிற்று, குதிகால் திறக்கும். திறந்தால் அந்த விரிசலுக்குள் தண்ணீர் முழு அழுத்தத்தோடு நுழையும். விரிசல் 20 மீட்டர் உள்ளே போனால் அப்லிஃப்ட் 5,000 டன்; மிச்சம் எடை 4,600 டன், தள்ளுவது 5,000 டன். விரிசலால் தூக்கும் விசை கூடுகிறது, தூக்கும் விசையால் விரிசல் நீள்கிறது. கந்துவட்டிக் கணக்கு மாதிரி.

இப்போது குதிகாலிலிருந்து 8 மீட்டர் உள்ளே ஒரு வரிசை ஓட்டை போட்டு, கசியும் தண்ணீரைக் கேலரிக்குள் வடியவிட்டால்? அந்த இடத்தில் அழுத்தம் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தாலே போதும், மொத்த அப்லிஃப்ட் 4,000-லிருந்து சுமார் 1,700 டன்னாக இறங்கிவிடும். விசை இறங்கும் இடம் 49 மீட்டருக்குத் திரும்பிவிடும். ஒரு கைப்பிடி அகல ஓட்டைகள் செய்கிற வேலை இது. அந்த ஓட்டை சுண்ணாம்பு படிந்து அடைத்துக்கொண்டால் சொட்டு நின்றுவிடும். கேலரி காய்ந்து அழகாக இருக்கும். கீழே அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். பதினேழாம் நம்பர் குழாய்க்கு லஸ்கர் கவலைப்பட்டது இதற்குத்தான்.

இதை உலகம் கற்றுக்கொண்ட இடம் பிரான்சின் எபினால் ஊருக்குப் பக்கத்தில் இருந்த பூஸே அணை. கல்கட்டு அணை, 1881-ல் முடிந்தது. 1884-ல் நடுப்பகுதி ஓர் அடிக்கு மேல் முன்னால் நகர்ந்தது. அடியைப் பலப்படுத்தினார்கள், மேற்பகுதியை அப்படியே விட்டுவிட்டார்கள். 1895 ஏப்ரல் 27-ம் தேதி அணை உடைந்தது. எப்படி உடைந்தது என்பதுதான் முக்கியம். பலப்படுத்திய அடி அப்படியே நின்றது. மேற்பகுதி மட்டும் குறுக்கே வெட்டியதுபோல வழுக்கிப் போய்விட்டது. அணையின் உடம்பிலேயே கிடைமட்டமாக விழுந்த விரிசலுக்குள் தண்ணீர் புகுந்து மேற்பாதியைத் தூக்கிவிட்டது. அதற்குப் பிறகு மொரீஸ் லெவி என்ற பிரெஞ்சுப் பொறியாளர் ஒரு விதி வைத்தார்: நீர்ப்பக்கச் சுவரில் எந்த உயரத்தில் பார்த்தாலும், அங்கே கல்லை அமுக்கும் அழுத்தம் அந்த ஆழத்துத் தண்ணீரின் அழுத்தத்துக்குக் குறையக்கூடாது. அப்படி இருந்தால் தண்ணீரால் விரிசலைப் பிளந்துகொண்டு நுழைய முடியாது. எளிமையான விதி. கான்கிரீட் செலவு கூடும் என்பதால் எல்லோரும் அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை.

சரி, விரிசல் முதலில் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் தண்ணீர் நிரப்புவதற்கு முன்பே, சூட்டிலிருந்து. சிமென்ட் இறுகும்போது சூடாகும். வீட்டுத் தூணில் அது ஓரிரு நாளில் ஆறிவிடும். அணை மாதிரி மொத்தையான கான்கிரீட்டில் நடுவில் சூடு வருடக்கணக்கில் சிறைப்பட்டுக் கிடக்கும். அமெரிக்காவின் ஹூவர் அணையை ஒரே வார்ப்பாக ஊற்றியிருந்தால் ஆறுவதற்கு 125 வருடம் ஆகியிருக்கும் என்று கணக்கிட்டார்கள். அதனால் தனித்தனிப் பிளாக்காக, ஐந்தடி ஐந்தடியாக ஊற்றி, உள்ளே ஒரு அங்குலக் குழாய்களை ஓடவிட்டு, குளிர்ந்த நீர் செலுத்தி ஆறவைத்தார்கள். அந்தக் குழாய்களின் மொத்த நீளம் 582 மைல். ஆறும்போது கான்கிரீட் சுருங்கும், கீழே பாறை பிடித்துக்கொண்டிருப்பதால் சுருங்க விடாது, இழுபடும், வெடிக்கும். அதைத் தடுக்க முடியாது என்று தெரிந்துதான், எங்கே வெடிக்க வேண்டும் என்று நாமே முடிவுசெய்து அங்கே ஜாயின்ட் வைக்கிறோம். அணையில் செங்குத்தாகச் சீரான இடைவெளியில் தெரியும் கோடுகள் அவைதான். ஒவ்வொரு பிளாக்கும் தனியாக நிற்கும் திறன் உள்ளது. அதனால் செங்குத்து விரிசலைப் பார்த்து நான் அவ்வளவாகப் பதறுவதில்லை. கிடைமட்ட விரிசல் வேறு ஜாதி.

இன்னொரு வியாதி, கான்கிரீட் ஊதிப்போவது. சிலவகை ஜல்லியில் உள்ள சிலிக்காவும் சிமென்டில் உள்ள காரமும் ஈரத்தில் சேர்ந்தால் ஒருவகைப் பசை உண்டாகி, தண்ணீரை உறிஞ்சி வீங்கும். கனடாவின் மாக்டாக்வாக் அணை 1968-ல் இயங்கத் தொடங்கியது. நூறு வருடம் ஓட வேண்டியது, கான்கிரீட் வீங்கிக்கொண்டே போனதால் அதற்கெல்லாம் முன்பே ஆயுள் முடிந்துவிடும் என்ற நிலைக்கு வந்தது. வீங்க இடம் கொடுப்பதற்காகக் கம்பி ரம்பத்தால் அறுத்து இடைவெளி விட்டுக்கொண்டிருந்தார்கள். உத்தரப் பிரதேசத்தின் ரிஹாந்த் அணையிலும் இதே வியாதி உண்டு. மெதுவாக நடக்கும் விஷயம். ஷட்டர் இறுகி மேலே ஏறாமல் சிக்கிக்கொள்ளும்போதுதான் பல இடங்களில் முதலில் உறைக்கிறது.

நிலநடுக்கத்துக்கு வருவோம். இதற்கு நாம் வெளிநாடு போக வேண்டியதில்லை. மகாராஷ்டிராவின் கோய்னா அணை, 103 மீட்டர் உயரம். 1967 டிசம்பர் 11 விடியற்காலை நாலரை மணி ஆவதற்குள், ரிக்டர் அளவில் 6-க்கு மேற்பட்ட ஒரு நிலநடுக்கம். கோய்னாநகர் தரைமட்டமானது, சுமார் 180 பேர் இறந்தார்கள். தக்காணப் பீடபூமி அசையாத பாறை என்று நம்பியிருந்த காலம் அது. அணை கட்டும்போது நிலநடுக்கத்துக்காகச் சேர்த்துக்கொண்ட பக்கவிசை, எடையில் 20-ல் ஒரு பங்கு. அன்று அணையின் கேலரியில் இருந்த கருவி பதிவுசெய்தது, அணைக்குக் குறுக்குவாட்டில் புவியீர்ப்பு முடுக்கத்தில் ஏறக்குறையப் பாதி. நீளவாட்டில் அதைவிடவும் அதிகம்.

அணைக்குள் தண்ணீர் தேக்கியதுதான் அந்த நடுக்கத்தைத் தூண்டியது என்பதற்கு உலகம் முழுக்க இன்றும் எடுத்துக்காட்டாகச் சொல்வது கோய்னாவைத்தான். அது தனிக்கதை. நமக்கு வேண்டியது, அணையில் விரிசல் எங்கே விழுந்தது என்பது. அடியில் இல்லை. அடியிலிருந்து சுமார் 66 மீட்டர் உயரத்தில், கழுத்தில்.

ஏன் கழுத்தில்? கோய்னாவின் குறுக்குவெட்டைப் பார்த்தால் பதில் கண்ணில் படும். அடியில் 70 மீட்டர் அகலம். வெளிப்பக்கம் சரிவாக ஏறி, 66 மீட்டர் உயரத்தில் அகலம் 19 மீட்டராகிறது. அதற்குமேல் சரிவு சட்டென்று நின்று சுவர் ஏறக்குறையச் செங்குத்தாகப் போய், உச்சியிலும் 15 மீட்டர் அகலத்தோடு முடிகிறது. கட்டிக்கொண்டிருக்கும்போதே உயரத் திட்டம் மாறியதால் வந்த உருவம் இது. ஒல்லிக் கழுத்தின்மேல் கனமான தலை. தரை ஆடும்போது அணை மொத்தமும் ஒரே சீராக ஆடுவதில்லை; தென்னை மாதிரி, அடி கொஞ்சம் அசைந்தால் உச்சி வீசி ஆடும். கனமான தலை முன்னும் பின்னும் வீச, சரிவு திரும்புகிற அந்த மூலையில் இழுவிசை குவிந்தது. நீர்ப்பக்கமும் வெளிப்பக்கமும் கிடைமட்டமாக வெடித்தன. சில பிளாக்குகளில் வெளிப்பக்கத்தில் தண்ணீர் கசிந்தது, அதாவது விரிசல் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போய்விட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். சீனாவின் சின்ஃபெங்சியாங் அணையும் 1962-ல், ஈரானின் செஃபித்ருத் அணையும் 1990-ல் நிலநடுக்கத்தில் வெடித்தபோது அங்கேயும் விரிசல் மேல்பகுதியில்தான்.

குறுக்கே இவ்வளவு வெடித்தும் கோய்னா ஏன் பூஸே மாதிரி தலையை இழக்கவில்லை? எனக்கு ரொம்ப நாள் இந்தக் கேள்வி இருந்தது. ஒருநாள் உட்கார்ந்து பென்சிலால் போட்டுப் பார்த்தேன். அன்று நீர்மட்டம் அடியிலிருந்து சுமார் 92 மீட்டர். கழுத்துக்கு மேலே 25 மீட்டர் தண்ணீர்தான். ஒரு மீட்டர் நீளத்துக்கு அது தள்ளும் விசை 320 டன் சுமார். கழுத்துக்குமேல் இருக்கும் கான்கிரீட் 1,500 டன் குறையாமல் வரும். விரிசல் முழுக்கத் தண்ணீர் புகுந்து முழு அழுத்தத்தில் தூக்கினாலும் 480 டன்தான் கழியும். 1,000 டன்னுக்குமேல் மிச்சம். சொரசொரப்பாக உடைந்த கான்கிரீட்டின்மேல் 1,000 டன்னை நகர்த்த 320 டன் எங்கே போதும்? நடுக்கம் சில நொடிதான். நடுங்கி முடித்ததும் வெடித்த தலை தன் எடையிலேயே உட்கார்ந்துவிட்டது. எந்தத் தலைக்கனம் கழுத்தை வெடிக்கவைத்ததோ அதுவே பிறகு பிடித்தும் வைத்திருக்கிறது. பென்சில் கணக்குதான், ஆனால் விஷயம் இதற்குள்தான் இருக்கிறது.

அப்புறம் நீர்மட்டத்தைக் குறைத்து, விரிசல்களுக்குள் எபாக்சி பசை செலுத்தி, உச்சியிலிருந்து துளைபோட்டு இரும்புக் கேபிள்களை இறக்கி இழுத்துக் கட்டினார்கள். பிறகு வெளிப்பக்கத்தில் கான்கிரீட் முட்டுச்சுவர்கள் எழுப்பினார்கள். கோய்னா இன்றைக்கும் மின்சாரம் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

ஆக அணையின் உடம்பு வெடிப்பதே முடிவு ஆகிவிடாது. கான்கிரீட் அணைகள் அடியோடு போன சம்பவங்களில் பெரும்பாலும் பாறைதான் முதலில் போயிருக்கிறது. இதில் என்னை இன்றும் தூங்கவிடாத கதை, தெற்கு பிரான்சின் மல்பாஸே.

அது எடையால் நிற்கும் அணை இல்லை, வில்லணை. வீட்டு வாசல் வளைவைப் படுக்கப் போட்டதுபோல, தண்ணீரின் தள்ளலை இரண்டு கரைப் பாறைகளுக்கும் கொடுத்துவிடும். அதனால் ஒல்லியாகக் கட்டலாம். மல்பாஸே 66 மீட்டர் உயரம். அடியில் 7 மீட்டருக்கும் குறைவான தடிமன், உச்சியில் ஒன்றரை மீட்டர். வடிவமைத்தவர் ஆந்த்ரே காய்ன், அந்தக் காலத்தில் வில்லணை என்றால் உலகமே திரும்பிப் பார்த்த பெயர். 1954-ல் கட்டி முடித்தார்கள். மழை குறைவான பகுதி, நிலத் தகராறு வேறு. அணை முழுதாக நிரம்பவே ஐந்து வருடம் ஆனது. அதாவது முதல் பரீட்சை ஐந்து வருடம் தள்ளிப்போனது.

1959 நவம்பர் கடைசியில் கனமழை. நீர்மட்டம் மளமளவென்று ஏறியது. அணைக்குக் கீழே பாறையில் புதிய ஊற்றுகள் தெரிந்தன. ஆற்றில் கீழே நெடுஞ்சாலைப் பாலத்துக்கு வேலை நடந்துகொண்டிருந்ததால் உடனே மதகைத் திறக்கவில்லை. டிசம்பர் 2 சாயங்காலம்தான் திறந்தார்கள். அன்றிரவு 9 மணி தாண்டிச் சில நிமிடங்களில் அணை போய்விட்டது. தண்ணீர் ஃப்ரேஜுஸ் ஊர்மேல் இறங்கியது. 423 பேர் இறந்தார்கள்.

விசாரணையில் கான்கிரீட்டில் குறை ஒன்றும் கிடைக்கவில்லை. நல்ல கான்கிரீட். பாறைதான். இடதுகரையில் இருந்தது நைஸ் வகைப் பாறை, ஏடு ஏடாகப் பிரியும். அந்த ஏடுகள் இடதுகரையில் அணை தள்ளும் திசையிலேயே படுத்திருந்தன. அணை தள்ளத் தள்ள ஏடுகள் நெருங்கி, நடுவே இருந்த மயிரிழை இடுக்குகள் மூடிக்கொண்டன. பாறை இறுகினால் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் இடுக்கு மூடியதால் கசிகிற தண்ணீருக்குப் போக வழியில்லை. மேலே நாம் கட்டிய அணைக்கு நேர் கீழே, பாறைக்குள்ளேயே இன்னோர் அணை தானாக உருவாகிவிட்டது. அதற்குப் பின்னால் முழு அழுத்தத்தில் தண்ணீர் சேர்ந்தது. ஆழத்தில் ஒரு பிளவுத்தளம், சறுக்குப்பலகை மாதிரி சாய்ந்து கிடந்தது. ஏடுகளுக்கும் அந்தத் தளத்துக்கும் நடுவில் மாட்டிய ஆப்பு வடிவப் பாறைத்துண்டு மொத்தமாகத் தூக்கி வெளியே தள்ளப்பட்டது. தாங்கும் தோள் போனபின் வில்லுக்கு என்ன வேலை. வலதுகரையில் இன்றும் படிக்கட்டுப்போல ஒரு துண்டு நிற்கிறது. அங்கே ஏடுகள் வேறு திசையில் கிடந்தன.

அணைக்கு அடியில் வடிகால் ஓட்டைகள் இல்லை. வில்லணை ஒல்லியானது, அதற்கு அப்லிஃப்ட் பொருட்டில்லை என்பது அன்றைய நம்பிக்கை. காய்ன் அடுத்த வருடமே இறந்துபோனார். அதற்குப் பிறகு வில்லணைகளின் அடியிலும் வடிகால் போடுவதும் பாறைக்குள் அழுத்தம் அளப்பதும் வழக்கமாயிற்று.

வடிகால் ஓட்டையின் மதிப்பைக் கண்ணுக்கு நேரே காட்டும் இடம் இன்னொன்று உண்டு. கலிபோர்னியாவின் செயின்ட் பிரான்சிஸ் அணை, 1928 மார்ச் 12 நள்ளிரவுக்குச் சற்று முன் உடைந்தது. 400-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கட்டும்போதே இரண்டு தடவை, பத்தடி பத்தடியாக உயரத்தைக் கூட்டினார்கள். அதற்கேற்ப அடியை அகலப்படுத்தவில்லை. உடைந்த அன்று பகலில், கசிவு கலங்கலாக வருகிறது என்று அணைக்காவலர் சொல்ல, லாஸ் ஏஞ்சலஸின் தலைமைப் பொறியாளர் வில்லியம் முல்ஹாலண்ட் நேரில் வந்து பார்த்து, ஆபத்தில்லை என்று சொல்லிப் போயிருக்கிறார். பன்னிரண்டு மணி நேரத்தில் அணை இல்லை. காலையில் பார்த்தால் இரண்டு பக்கமும் போய், நடுத்துண்டு மட்டும் கல்லறைக்கல் மாதிரி நிமிர்ந்து நின்றது. அப்லிஃப்டுக்கான வடிகால் கிணறுகள் போட்டிருந்தது அந்த நடுத்துண்டின் அடியில் மட்டும்தான். கரைப்பாறை பழைய நிலச்சரிவு என்பது போன்ற வேறு காரணங்களும் உண்டு. இருந்தாலும் அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பதினேழாம் நம்பர் குழாய்தான் நினைவு வரும்.

பிடிபட்டுத் தப்பித்த கதையும் சொல்லிவிடுகிறேன். ஆஸ்திரியாவின் கோல்ன்பிரைன், 200 மீட்டர் உயர வில்லணை. முதல்முறை நிரப்பும்போது, 1978-ல், குதிகால் பக்கம் வெடித்து நொடிக்கு 200 லிட்டர் அளவுக்குக் கசிவு எகிறியது. அளந்துகொண்டே இருந்ததால் தெரிந்தது. நீரை இறக்கினார்கள், பல வருடம் பல வைத்தியம் பார்த்தார்கள், கடைசியில் ஜியோவானி லொம்பார்தி என்ற சுவிஸ் பொறியாளரின் யோசனைப்படி அணையின் வெளிப்பக்கத்தில் இன்னொரு பெரிய கான்கிரீட் முட்டே கட்டிவைத்தார்கள். செலவு பயங்கரம். ஆனால் அணை நிற்கிறது.

இதைப் படிக்கும் நம்மூர்க்காரர்கள் மனதில் இப்போது முல்லைப் பெரியாறு வந்திருக்கும். இரண்டு மாநிலச் சண்டைக்குள் நான் போகவில்லை; பொறியியலை மட்டும் சொல்கிறேன். அது கான்கிரீட் அணை இல்லை, சுண்ணாம்பும் சுர்க்கியும் (செங்கல் தூள்) போட்ட கல்கட்டு. திறந்துவைத்தது 1895 அக்டோபர். பூஸே உடைந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. அப்லிஃப்ட் என்ற பாடம் வருவதற்கு முன்பு வடிவமைத்த அணை அது. 1979-க்குப் பிறகு நடந்த பலப்படுத்தும் வேலைகளை இந்தக் கண்ணோடு பார்த்தால் ஒவ்வொன்றும் எதற்கு என்று விளங்கும். உச்சியில் கான்கிரீட் தொப்பி போட்டது எடை கூட்ட. மேலிருந்து அடிப்பாறை வரை கேபிள் இறக்கிக் கட்டியது குதிகாலை அழுத்திப் பிடிக்க. வெளிப்பக்கம் கான்கிரீட் சேர்த்தது அகலம் கூட்ட. அதில் கேலரி வைத்து வடிகால் போட்டது தூக்கும் தண்ணீரை வடிக்க. 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை தேக்கலாம் என்று சொன்னது இந்த வேலைகளைக் கருத்தில் கொண்டுதான். 130 வருடப் பழைய அணை என்று மட்டும் சொல்லிப் பயமுறுத்துவதும், பென்னிகுவிக் கட்டியது அசையாது என்று மட்டும் சொல்லி மார்தட்டுவதும் எனக்கு ஒன்றுபோலத்தான் படுகிறது. கசிவு அளவும் அழுத்தமானியும் என்ன சொல்கின்றன என்று இரண்டு தரப்பும் கேட்டால் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

இப்போது உங்கள் படம். வெள்ளைத் தடம், கான்கிரீட்டில் உள்ள சுண்ணாம்பு நீரில் கரைந்து வெளியே வந்து காற்றுப்பட்டு உறைந்தது. மெல்லிய கசிவு ரொம்ப காலமாக இருக்கிறது என்று அர்த்தம். குறுக்குக் கோடு, ஒரு நாள் ஊற்றிய கான்கிரீட்டின்மேல் மறுமுறை ஊற்றிய தளம்போலத்தான் எனக்குத் தெரிகிறது. மேலும் கீழும் அதே இடைவெளியில் மங்கலாக வேறு கோடுகளும் இருக்கின்றன. அந்தத் தளங்களைச் சரியாகச் சுரண்டிக் கழுவாமல் அடுத்த கான்கிரீட்டை ஊற்றினால் அங்கே ஒட்டு பலவீனமாக இருக்கும், கசியும். அசிங்கமாக இருக்கும், அதனாலேயே ஆபத்து என்று சொல்லிவிட முடியாது.

நான் அங்கே போனால் விரிசலை அப்புறம்தான் பார்ப்பேன். முதலில் கேலரியில் வி வடிவ வெட்டு வைத்த பலகை வழியாகக் கசிவு நீரை அளந்து எழுதும் நோட்டைக் கேட்பேன். அதே நீர்மட்டத்தில் போன வருடம் எவ்வளவு, இந்த வருடம் எவ்வளவு? திடீரென்று கூடியிருந்தால் கவலை. நீர்மட்டம் ஏறியும் கசிவு குறைந்திருந்தால் அதுவும் கவலை, எங்கோ அடைத்திருக்கிறது. தண்ணீர் தெளிவா, கலங்கலா? கலங்கல் என்றால் பாறை இடுக்கில் இருந்த மண் அரித்துக்கொண்டு வருகிறது, அன்றைக்கே மேலிடத்துக்குப் போன் போட வேண்டிய விஷயம். தூக்குக்குண்டுக் கம்பியில் அணையின் சாய்வு எப்படி? வெயில் காலத்தில் வெளிப்பக்கம் சூடாகி விரிவதால் அணை தண்ணீர்ப் பக்கம் கொஞ்சம் சாயும், குளிர்ந்தால் திரும்பும். மில்லிமீட்டர் கணக்கில் வருடா வருடம் போய்வருவது இயல்பு. போய்விட்டுத் திரும்பாமல் இருந்தால்தான் நெற்றி சுருங்கும். விரிசலின் இரண்டு பக்கமும் சேர்த்து ஒரு சின்னக் கண்ணாடித் துண்டை ஒட்டிவைத்துத் தேதி எழுதியிருப்பார்கள். அது உடைந்திருக்கிறதா என்று பார்ப்பேன்.

படம் எடுத்தவரை உங்களுக்குத் தெரியும் என்றால், இன்னொரு தடவை எடுக்கச் சொல்லுங்கள். விரிசலுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்கேல், இல்லையென்றால் ஒரு ஐந்து ரூபாய்க் காசாவது வைத்து எடுக்கட்டும். அன்றைய நீர்மட்டம் எத்தனை அடி என்பதையும் கூடவே எழுதி அனுப்பட்டும்.